மாருதி 800: துருப்பிடித்த பிரேக் பைப்பை வீட்டிலேயே மாற்றலாமா?

உப்புக்காத்து (தூத்துக்குடி)

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

வண்டி 1998 மாடல் மாருதி 800. அப்பா வாங்கினது, இப்ப என் கையில இருக்கு. 2023-ல மூணாவது தடவையா ஆர்.சி. புதுப்பிச்சோம். அது முடிஞ்ச கொஞ்ச மாசத்துல டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அதே மழைதான். எங்க தெருவுல மூணு நாள் தண்ணி வடியல. வண்டி ஆக்சில் அளவுக்கு நின்னுச்சு. உப்பளத்துத் தண்ணியும் சேர்ந்துதானே வந்திருக்கும். இன்ஜின் தப்பிச்சுட்டு, இருக்கைகளைக் கழட்டிக் காய வச்சேன், வண்டி ஓடுச்சு. அடியில குனிஞ்சு பாக்கல. அதுதான் தப்பு.

போன மாசம் மூணாவது மைல் கிட்ட, முன்னால போன ஆட்டோ சடாருன்னு நின்னுட்டு. நானும் மிதிச்சேன். பெடல் பாதிக்கு மேல உள்ள போயிட்டு. வண்டி நின்னுச்சு, ஆனா ஆட்டோக்காரரோட முதுகு என் கண்ணாடி முழுக்கத் தெரிஞ்சுது. ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்துத்தான் நிப்பாட்டினேன். குனிஞ்சு பாத்தா பின் இடது சக்கரத்துக்கு முன்னால தரையெல்லாம் பிரேக் ஆயில்.

பக்கத்துப் பட்டறையில கேஸ் வச்சு பித்தளை ஒட்டு போட்டுக் குடுத்தாங்க. பன்னெண்டு நாள்தான் தாங்குச்சு. ஒட்டு போட்ட இடம் அப்படியே இருக்கு, அதுல இருந்து நாலு விரக்கடை தள்ளி ஓட்டை. இப்ப "முழுசா எடுத்துட்டு ஏசி காப்பர் குழாய் போட்டுருவோம், துருவே பிடிக்காது" அப்படிங்காங்க. எனக்கு மனசு ஒப்பல.

நான் உப்பளத்துல பம்பு செட்டு பராமரிப்பு வேலை பாக்கேன். ஸ்பேனர் புடிக்கத் தெரியும், பைப்பு வேலை தெரியும், கார் பிரேக் மட்டும் தொட்டதில்ல. கேள்வி இதுதான்: ஏசி குழாய் போடலாமா? வேண்டாம்னா எதைப் போடணும்? போன பைப்பை மட்டும் மாத்தினா போதுமா? வீட்டு முத்தத்துல வச்சு நானே செய்யுற வேலைதானா இது?


நாலுசக்கரம் (மதுரை)

நண்பா, பிரேக்ல மட்டும் விளையாடாதீங்க. கிளட்ச் கேபிள் மாத்துறோம், பிளக் மாத்துறோம், அதெல்லாம் சரி. இது உயிர். வண்டியை டெம்போவில ஏத்தி நல்ல சர்வீஸ் சென்டர்ல விடுங்க. இருபத்தேழு வருச வண்டிக்கு இவ்வளவு மெனக்கெடணுமான்னும் ஒரு தடவை யோசிங்க.


பழைய ஷெட்டுக்காரன் (கோவை)

மதுரைத் தம்பி சொல்றதுல பாதி சரிங்க. இது உயிர்தான். ஆனா உயிரைக் கொண்டுபோய்க் குடுத்த இடத்துலதானுங்க பித்தளை ஒட்டுப் போட்டு அனுப்பியிருக்காங்க.

நான் சிங்காநல்லூர் பக்கம் முப்பத்தி நாலு வருசம் ஷெட் வச்சிருந்தேன். இப்ப முட்டி வலி, உக்காந்துட்டேன். பம்பு வேலை பாக்குற ஆளுக்கு இந்த வேலை வருமுங்க. அவசரப்படாம, ரெண்டு நாள் ஒதுக்கிச் செய்யணும், அவ்வளவுதான்.

முதல்ல அந்த ஒட்டு ஏன் நிக்கலைன்னு சொல்லிர்றேன். கம்பெனி பைப்பு கெட்டி இரும்புன்னு நெனைக்காதீங்க. தகட்டை ரெண்டு சுத்து சுருட்டி, நடுவுல செம்பை உருக்கி ஒட்டவச்ச குழாய் அது. சுவர் கனம் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. அதுல கேஸ் சுடரைக் காட்டினா மேல இருக்கிற பூச்சு கருகிப் போயிருமுங்க. ஒட்டு நிக்கும், அதுக்கு ரெண்டு பக்கமும் பச்சை இரும்பு வெளிய நிக்கும். உங்க ஊர்க் காத்துக்கு அது பன்னெண்டு நாள் தாங்கினதே அதிகம்.

அடுத்தது ஏசி குழாய். வேண்டாங்க. யாரோ சொல்லிக் கேட்டு இதைச் சொல்லலை. தொண்ணூறுகள்ல ஒரு பத்மினி காருக்கு நானே போட்டுக் குடுத்தவன். அளவு ஒண்ணுதானே, ரெண்டுமே 3/16 இஞ்சு, அப்பிடின்னு ஒரு தைரியம். எட்டு மாசம் கழிச்சு அந்த வண்டி திரும்பி வந்துச்சு. நட்டுக்குள்ள, ஃபிளேர் கழுத்துல, அதாவது பைப்பு முனையை விரிச்சு மடிச்ச எடத்துல, தலைமுடி கனத்துக்கு வட்டமா ஒரு கீறல். வண்டிக்காரர் ஒண்ணும் சொல்லலை, சாவியைக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டார். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

காரணம் என்னன்னு கையிலயே பாத்துக்கலாமுங்க. ஒரு செம்புக் கம்பியை எடுத்து இப்பிடியும் அப்பிடியும் வளைச்சுப் பாருங்க. முதல் ரெண்டு தடவை வெண்ணெய் மாதிரி வளையும். நாலாவது தடவை முரண்டு பிடிக்கும். அப்புறம் ஒடிஞ்சிரும். சுத்தச் செம்பு ஆட ஆட இறுகும், இறுக இறுக நொறுங்கும். ஏசி குழாய் சுவத்துல சும்மா கிடக்குது, கார்ல இன்ஜின் ஆட்டம், ரோட்டு ஆட்டம் ரெண்டும் உண்டு. அழுத்தமும் வேறங்க. டயர்ல 30 பி.எஸ்.ஐ. அடிக்கிறோம். கார் ஏசியில அழுத்தம் கூடுன பக்கமே 200, 250-தான் வரும். பிரேக்கை ஓங்கி மிதிச்சா பைப்புக்குள்ள ஆயிரத்தைத் தாண்டிரும். ஏசிக்காரங்க வச்சிருக்கிற ஃபிளேர் டூல் வேற ஒத்தை மடிப்புத்தான் போடும். பிரேக்குக்கு அது ஆகவே ஆகாது.

போடவேண்டியது குப்ரோ நிக்கல். செம்பு 90 பங்கு, நிக்கல் 10 பங்கு. உங்க ஹார்பர்ல கப்பல் வேலை பாக்குறவங்ககிட்டக் கேளுங்க, கடல் தண்ணி ஓடுற குழாய்க்கே அந்தக் கலவைதான் போடுவாங்க. தூத்துக்குடிக்கு இதைவிட என்ன வேணும்? இரும்பைவிட வளைக்க லேசு, செம்பு மாதிரி சீக்கிரம் களைச்சும் போகாது. 25 அடிச் சுருளா ஆன்லைன்ல கெடைக்குது, சென்னையில வண்டி சாமான் விக்கிற ஜி.பி. ரோட்டுலயும் கேட்டுப் பாக்கலாம். வந்ததும் ஒரு காந்தத்தை வச்சுப் பாருங்க. ஒட்டுச்சுன்னா அது செம்பு முலாம் பூசுன இரும்பு, திருப்பி அனுப்பிருங்க. நெறமும் சுத்தச் செம்பு மாதிரி செவசெவன்னு இருக்காது, கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும்.

ஃபிளேர் விசயத்துக்கு வர்றேன், வேலையே அங்கதான் இருக்குது. பழைய பைப்பை அறுத்து அதோட மூக்கைப் பாருங்க. புனல் மாதிரி விரிஞ்சு, விளிம்பு உள்ளுக்கு மடிஞ்சிருந்தா டபுள் ஃபிளேர். ஜப்பான் வழி வந்த வண்டிக்கெல்லாம் அதுதான், உங்களோடதும் அதாத்தான் இருக்கும். காளான் மொட்டு மாதிரி இருந்தா பபுள் ஃபிளேர், அது ஐரோப்பா வண்டிக்கு. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போட்டா, நட்டு முறுகும், கசியாத மாதிரியே இருக்கும், ஓங்கி மிதிக்கிற அன்னிக்குத்தான் காட்டிக் குடுக்கும். நட்டு 10 மில்லிமீட்டர் கனம், 1 மில்லிமீட்டர் மரை. அம்பாசிடர் நட்டு இஞ்சுக் கணக்கு, கடைக்காரர் ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டு வச்சிருப்பார். பழைய நட்டைக் கையிலயே கொண்டு போயிருங்க.

பைப்பை ஹேக்சாவுல அறுக்கவேண்டாம், சின்ன பைப் கட்டர் போதும். அறுத்ததும் உள் விளிம்புப் பிசிரை எடுத்து, ஊதி விடுங்க. பிசிறு இருந்தா ஃபிளேர் அங்கயே கிழியும். முனையில ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி டூல்ல பிடிங்க. ஒரு அடித் துண்டுல அஞ்சாறு தடவை பழகிட்டு அப்புறம் நெசப் பைப்புக்குப் போங்க. அடிச்ச ஃபிளேரை வெளிச்சத்துல திருப்பிப் பாத்து, ஒரு பக்கம் கோணியிருந்தாலும் அறுத்துப் போட்டுருங்க. பைப்பு போனா நாலு விரக்கடைதான போகுது.

போன பைப்பு மட்டும் போதுமான்னு கேட்டீங்க. எல்லாப் பைப்பும் ஒரே நாள்ல வண்டியில ஏறுனது, ஒரே தண்ணியில நின்னது. ஒண்ணு போயிருச்சுன்னா மத்தது வரிசையில நிக்குது. பின்னால போறது எல்லாத்தையும் மாத்துங்க. முன்பக்கம் சுத்தமா இருந்தா துடைச்சு, பாத்து முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு. வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி விட்டுட்டு அடியில போகாதீங்க. ஹாலோ பிளாக் கல்லும் வேண்டாம், அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும். ரெண்டு ஸ்டாண்டு வாங்குங்க. இதுல மட்டும் நான் கோவிச்சுக்குவேன்.


பனிக்கால உப்பு (லெஸ்டர்)

தம்பி, நான் இங்கிலாந்தில லெஸ்டரில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். இஞ்சயும் உப்புத்தான் எங்கட எதிரி. கடலால வாறேல்லை, பனிக்காலத்தில றோட்டில லொறியால கொட்டுவினம். பத்துப் பன்னிரண்டு வருசக் கார் எண்டால் பிறேக் பைப் உக்கிறது சர்வசாதாரணம். என்ர பழைய கொறோலாவுக்கு வீட்டு வாசல்லயே படுத்துக் கிடந்து மாத்தினனான், கையெல்லாம் விறைச்சுப் போச்சு.

கோவை ஐயா சொன்னது முழுக்கச் சரி. சுவீடனில வொல்வோக்காரர் 1976-லேயே குப்ரோ நிக்கலுக்கு மாறிட்டினம், அங்கயும் காரணம் றோட்டு உப்புத்தான்.

முன் பைப்பை எப்பிடிப் பாக்கிறதெண்டு ஒரு விசயம் சொல்லுறன். இஞ்ச வருசாவருசம் எம்.ஓ.ரி. எண்டு வாகனச் சோதனை இருக்கு. பைப்பின்ர சுவரில மூண்டில ஒரு பங்கு, எண்டால் கால் மில்லிமீற்றர் அளவு, அரிச்சுப் போயிருந்தால் பெயில். மேலால செம்மண் பூசின மாதிரித் துரு இருந்தால் மட்டும் பெயில் இல்லை. அதால முதல்ல துணியால துடையுங்கோ, பிறகு மெல்லமாச் சுரண்டிப் பாருங்கோ. அடியில வழுவழுப்பா இருந்தால் பிழைச்சுது. குழி விழுந்திருந்தால் யோசிக்காமல் மாத்துங்கோ. கிளிப்பைக் கழட்டாமல் பாத்தனான் எண்டு சொல்லாதேங்கோ. சேறு அதுக்குள்ளதான் ஈரத்தோட இருக்கும், உக்கிறதும் அதுக்குள்ளதான்.

வேலை செய்யேக்க ஒயில் முழுக்க வடிஞ்சு போகாமல் இருக்க ஒரு தந்திரம்: பெடலை ஒரு அங்குலம் அளவு அமத்தி, சீற்றுக்கும் பெடலுக்கும் நடுவில ஒரு தடியை முட்டுக் குடுத்து விடுங்கோ. பெடல் தள்ளுற மாஸ்ரர் சிலிண்டருக்குள்ள ஒயில் இறங்கிற ஓட்டை மூடுப்படும், சொட்டுறது நிண்டிடும். பெயின்ரில பட்டால் உடனே தண்ணியால கழுவுங்கோ, இல்லாட்டி பெயின்ற் உரிஞ்சுபோம்.


உப்புக்காத்து (தூத்துக்குடி)

எல்லாருக்கும் நன்றி அண்ணாச்சி. குப்ரோ நிக்கல் சுருள் வந்துட்டு, காந்தம் ஒட்டல. ஸ்டாண்டும் வாங்கிட்டேன், ஷெட்டுக்காரர் அண்ணாச்சி கோவிக்க வேண்டாம்.

ஆனா முதல் நட்டுலயே மாட்டிக்கிட்டேன். பின் இடது வீல் சிலிண்டர் நட்டு, சக்கரத்துல பைப்பு போய்ச் சேர்ற இடம். சாதா ஓப்பன் ஸ்பேனர் போட்டேன், மூலை எல்லாம் மழுங்கி உருண்டையாயிட்டு. இன்னொரு இடத்துல நட்டு திரும்புது, கூடவே பைப்பும் முறுக்கிக்கிட்டு வருது. மண்ணெண்ணெய் ஊத்தி வச்சிருக்கேன். சூடு காட்டலாமா?


பழைய ஷெட்டுக்காரன் (கோவை)

சூடு வேண்டாங்க தம்பி. பக்கத்துல ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில், மேல பெட்ரோல் பைப்பு. எல்லாமே பத்திக்கிற சாமான்.

பழைய பைப்பு எப்படியும் குப்பைக்குத்தானுங்க போகுது? நட்டை ஒட்டி அதை வெட்டி எறிஞ்சிருங்க. இப்ப நட்டு மேல முழு சாக்கெட்டே உக்காரும். ஆறு மூலை சாக்கெட்டாப் பாத்துப் போடுங்க, பன்னெண்டு மூலை மழுக்கத்தான் செய்யும். முதல்ல இறுக்குற பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்க, துரு உடையும், அப்புறமேட்டு கழட்டுற பக்கம். வந்துரும். உருண்டையான நட்டை வைஸ் கிரிப் பிளையர்ல கவ்விப் பிடிங்க. அதுக்கும் வரலைன்னா சிலிண்டரையே கழட்டிருங்க, அது பெரிய விலை இல்லை. வெள்ளத்துல நின்ன வண்டிக்குப் புது வீல் சிலிண்டர் வீணாப் போகாது.

புதுசு மாட்டுறப்ப ஃபிளேர் நட்டு ஸ்பேனர்னு கேட்டு ஒண்ணு வாங்கிக்குங்க. ரிங் ஸ்பேனர்ல பைப்பு நுழையற அளவுக்கு ஒரு வாய் வெட்டியிருக்கும். ரப்பர் ஹோஸ் சேர்ற இடத்துல ஹோஸ் பக்கத்தை ஒரு ஸ்பேனர்ல பிடிச்சுக்கிட்டுத்தான் நட்டைத் திருப்பணும், இல்லைன்னா ஹோஸ் முறுக்கிக்கும்.

ஏர் எடுக்கிறப்ப, அதாவது பைப்புக்குள்ள மாட்டுன காத்தை வெளியேத்துறப்ப, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரம் முதல்ல. நம்ம வண்டிக்கு அது பின் இடதுங்க. மேனுவல் கையில இருந்தா அதுல போட்டிருக்கிற வரிசைப்படியே போயிருங்க. பெடலுக்கு அடியில ஒரு பலகைத் துண்டைப் போடுங்க. பழைய மாஸ்டர் சிலிண்டர்ல பெடல் தினமும் போற தூரம் வரைக்கும்தான் உள்சுவர் வழுவழுன்னு இருக்கும், அதுக்கு அந்தாண்டை அழுக்கும் துருவும். தரை வரைக்கும் மிதிச்சா ரப்பர் வாஷர் அதுல உரசிக் கிழிஞ்சிரும். "பைப்பு மாத்துனேன், இப்ப மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சு"ன்னு வர்றவங்க பாதிப்பேர் இப்படித்தான்.

பிரேக் ஆயில் டாட் 3 இல்லாட்டி டாட் 4 ரகம், டப்பா புதுசா உடைக்கணும். திறந்து வச்ச ஆயில் காத்துல ஈரத்தைக் குடிச்சிருக்கும். டாட் 3 புதுசுல 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறுனா 140-லயே கொதிச்சிரும். டாட் 5-னு ஒண்ணு இருக்குது, அது சிலிக்கான், கலக்கவே கூடாது.


உப்புக்காத்து (தூத்துக்குடி)

முடிஞ்சுது அண்ணாச்சி! ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

சொன்ன மாதிரி பைப்பை வெட்டி சாக்கெட் போட்டதும் நாலு நட்டு வந்துட்டு. பின் இடது சிலிண்டர் வரவே மாட்டேன்னுட்டு, புதுசு போட்டேன். பழைய பைப்பைக் கழட்டி முத்தத்துல போட்டா, கிளிப்பு இருந்த இடமெல்லாம் கருவாடு மாதிரி உதிருது. லெஸ்டர் அண்ணன் சொன்னது அப்படியே. ஒரு இடத்துல நகத்தை வச்சேன், நகம் உள்ள போயிட்டு. இந்த வண்டியிலதான் அம்மாவைத் திருச்செந்தூர் கூட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கேன்.

கட்டுக்கம்பியைப் பழைய பைப்பு போன வழியிலயே வளைச்சு அளவு எடுத்தேன், ரெண்டு முனையிலயும் ஒரு சாண் கூடுதலா விட்டு அறுத்தேன். வளைக்கிறதுக்கு பிளக் சாக்கெட்டைச் சுத்தி வச்சு கையாலேயே வளைச்சேன், எங்கயும் மடங்கல. ஃபிளேர் பழக ஏழு துண்டு போச்சு. எட்டாவது அருமையா வந்துச்சு, எனக்கே பெருமை. அதை மாட்டப் போனா நட்டு மேசையில உக்காந்திருக்கு. நட்டை உள்ள கோக்காமலே ரெண்டு பக்கமும் ஃபிளேர் அடிச்சிருக்கேன். இதே தப்பை அன்னைக்கே இன்னொரு தடவையும் செஞ்சேன். அதுக்கப்புறம் தங்கச்சி பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு பைப்புக்கும் "நட்டு போட்டியா?"ன்னு கேட்டா.

ஏர் எடுக்க அவதான் பெடல் மிதிச்சா. முதல்ல நான் "விடு"ன்னா, அவ நிப்பிளைத்தான் (சக்கரத்துல காத்து வெளிய போற திருகு) விடச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டு காலை அமுக்கிப் பிடிச்சா. நிப்பிளை மூடுறதுக்கு முன்ன காலை எடுத்தும் ஒரு தடவை காத்து திரும்ப உள்ள போச்சு. அப்புறம் "அமுக்கு", "மூடிட்டேன்", "காலை எடு"ன்னு மூணே வார்த்தை வச்சுக்கிட்டோம், சரியாப் போச்சு. மேல ஆயில் டப்பாவை நாலு மிதிக்கு ஒரு தடவை நிரப்பிக்கிட்டே இருந்தோம். முதல்ல வந்தது டீத்தூள் தண்ணி நெறம். கடைசியில தேன் மாதிரி தெளிஞ்சு வந்துச்சு.

ஒவ்வொரு ஜாயின்ட்லயும் டிஷ்யூ சுத்திட்டு, தங்கச்சி ஒரு நிமிசம் ஓங்கி மிதிச்சுப் பிடிச்சா. நடுவுல ஒரு ஜாயின்ட்ல மட்டும் டிஷ்யூ நனைஞ்சுது. அதை இன்னும் முறுக்கலாமா, இல்ல ஃபிளேர் திரும்ப அடிக்கணுமா?


பழைய ஷெட்டுக்காரன் (கோவை)

ஓங்கி முறுக்காதீங்க, ஃபிளேர் நசுங்கும். லூஸ் பண்ணி, இறுக்கி, மறுபடி லூஸ் பண்ணி இறுக்குங்க. மூணு நாலு தடவையில ஃபிளேர் தன் இடத்துல பதிஞ்சு உக்காந்துரும். அப்படியும் நனைஞ்சா அறுத்துட்டு வேற ஃபிளேர்தான். அதுக்குத்தான் கூடுதலா விடுறது.


உப்புக்காத்து (தூத்துக்குடி)

மூணாவது தடவையில நின்னுட்டு. டிஷ்யூவை ராத்திரி முழுக்க அப்படியே கட்டி விட்டேன், காலையில காஞ்சு கெடந்துச்சு.

முதல்ல தெருவுக்குள்ளயே, ஒரு கையை ஹேண்ட் பிரேக் மேல வச்சுக்கிட்டு, மனுசன் நடக்குற வேகத்துல பத்துத் தடவை நிறுத்திப் பாத்தேன். அப்புறம் ஆளில்லாத உப்பளத்து ரோட்டுல நாற்பதுல மிதிச்சேன். பெடல் பாதிக்கு முன்னாலேயே கல்லு மாதிரி நிக்குது. ரெண்டு பக்கமும் இழுக்கல. முன் இடது பைப்பு சுரண்டிப் பாத்தப்ப குழி தெரிஞ்சுது, அதையும் மாத்திட்டேன். முன் வலது வழுவழுன்னு இருக்கு, விட்டுட்டேன். அடுத்த மழைக்கு முன்ன கிளிப்பைக் கழட்டி இன்னொரு தடவை பாக்கணும்.

மதுரை அண்ணனுக்கு: இருபத்தேழு வருச வண்டிக்கு மெனக்கெடணுமான்னு கேட்டீங்க. அப்பா வெளியூர் போயி காசு சேத்து வாங்கினது அண்ணே.

சுருள்ல ஒன்றரை மீட்டர் மிச்சம், நட்டும் நாலு இருக்கு. தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் பழைய வண்டி வச்சிருக்கவங்க யாருக்காவது ஒரு முன் பைப்பு போயிருந்தா சொல்லுங்க, டூலோட வாரேன். நட்டை மட்டும் முதல்ல கோக்கச் சொல்லி ஞாபகப்படுத்துங்க.